பிறந்ததும் அழாத பிள்ளை: ஒரு கேள்வியின் வரலாறு

1

“புள்ள பொறந்ததும் அழலீங்க.”

ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘செரிப்ரல் பால்சி’ என்று எழுதப்படுகிற மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் தாய்மார்கள் தங்கள் கதையைப் பெரும்பாலும் இந்த வாக்கியத்தில்தான் தொடங்குகிறார்கள். கழுத்து நிற்காதது, குப்புற விழாதது, உட்காராதது, பேச்சு வராதது எல்லாம் இதற்குப் பிறகுதான் வரும். இந்தத் தொடக்கம் அவர்களாகத் தேர்ந்துகொண்டதா என்று யோசித்துப் பார்க்க வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற முதல் கேள்வியே ‘பொறந்ததும் அழுதுச்சா?’ என்பதுதான். நாலு இடத்தில் நாலு பேர் கேட்டபிறகு, கேள்விக்கு ஏற்றபடி கதையும் மாறிவிடுகிறது. குழந்தையோடு கழித்த ஐந்து வருஷத்தை, பத்து வருஷத்தை அந்த ஒரு நிமிஷத்துக்குள் சுருட்டிச் சொல்ல அந்தப் பெண் பழகிக்கொள்கிறாள்.

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன். பச்சிளம் குழந்தையின் மூளைச் சேதம் குறித்த மருத்துவச் சொல்லாடல் நூற்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ‘எப்போது நடந்தது?’ என்ற கேள்வியைச் சுற்றியே கட்டப்பட்டு வந்திருக்கிறது. கேட்பதற்குக் காலத்தைப் பற்றிய கேள்வி மாதிரி இருந்தாலும், அதற்குள்ளே ‘யார் தப்பு?’ என்ற இன்னொரு கேள்வி எப்போதும் ஒளிந்திருக்கிறது. சொல்லப்பட்ட ஒவ்வொரு விடையும் யாரோ ஒருவரைக் குற்றவாளி ஆக்கியது, இன்னொருவரைக் காப்பாற்றியது. அந்தக் குழந்தை வளர்கிற காலம் மட்டும் இந்த வழக்கில் சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை. இதுதான் என் வாதம்.

2

1861இல் லண்டன் பேறுகால மருத்துவர் சங்கத்தில் வில்லியம் ஜான் லிட்டில் ஒரு கட்டுரை வாசித்தார். கடினமான பிரசவம், குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் ஏற்படும் மூச்சுத்திணறல் ஆகியவை குழந்தையின் உடலையும் மனத்தையும் எப்படிப் பாதிக்கின்றன என்பது பொருள். லிட்டில் பிரசவம் பார்க்கிற மருத்துவர் அல்ல. கை கால் வளைவுகளைச் சரிசெய்கிறவர். சின்ன வயதில் வந்த வாதத்தால் அவருக்கே ஒரு பாதம் வளைந்திருந்தது. 1836இல் ஜெர்மனியில் ஸ்ட்ரோமையர் என்ற மருத்துவரிடம் அறுவைசிகிச்சை செய்துகொண்டு, அதே சிகிச்சையை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர். ஊனத்தை வெளியிலிருந்து மட்டும் பார்த்தவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது.

அவர் சொன்னதன் சாரம் இது: பிரசவத்தில் மூச்சு முட்டிப் பிறக்கும் குழந்தை ஒன்று செத்துப்போகும், இல்லாவிட்டால் பிழைத்து முழுசாகத் தேறிவிடும் என்றுதான் மருத்துவர்கள் நம்புகிறார்கள். ஆனால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பிழைத்து, ஆனால் விறைத்த கை கால்களோடு, சிலசமயம் மந்தப்பட்ட புத்தியோடு வாழ்கிற குழந்தைகள் இருக்கிறார்கள். இதைச் சொல்ல மருத்துவ நூல்கள் மட்டும் போதாமல், ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டையும் அவர் சாட்சிக்கு அழைத்துக்கொண்டார். வெகுகாலம் ‘லிட்டில் நோய்’ என்றே இந்த நிலைக்குப் பெயர் இருந்தது.

சாவுக்கும் குணத்துக்கும் நடுவே ஒரு மூன்றாம் இடத்தை அவர் திறந்துவிட்டார். அது முக்கியமான காரியம். கூடவே அந்த இடத்துக்கு ஒரே ஒரு வாசலையும் வைத்தார்: பிரசவம். அன்றிலிருந்து பிரசவ அறை குற்றம் நடந்த இடமாகிவிட்டது.

குற்றம் நடந்த இடம் என்றால் குற்றவாளி வேண்டும். காலனிய இந்தியாவில் ஆள் தயாராக இருந்தாள். 1885இல் டஃபரின் சீமாட்டி தொடங்கிய நிதியும், 1903இல் கர்சன் சீமாட்டி தொடங்கிய விக்டோரியா நினைவு நிதியும் இந்தியப் பெண்களின் பேறுகாலத்தைச் சீர்திருத்த வந்தவை. அந்தச் சீர்திருத்தப் பேச்சில் தாயும் சேயும் அழிவதற்குக் காரணமாகத் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டவள் அழுக்கான, படிக்காத மருத்துவச்சி. தமிழ்நாட்டில் அவள் பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண். தீட்டு என்று மற்றவர்கள் தொடாத உதிரத்தையும் தொப்புள்கொடியையும் தொட்டவள் அவள். சாதி அவள்மேல் சுமத்திய வேலையையே நவீனம் அவள்மேல் குற்றமாகச் சுமத்தியது. ஊருக்குள்ளும் விசாரணை நடந்தது. ‘கெரகணத்துல வெளிய வந்தியா?’, ‘போன ஜென்மத்துல என்ன பாவம் செஞ்சியோ’ என்பது தாயின்மேல் போடப்பட்ட வழக்கு. விஞ்ஞானமும் சாஸ்திரமும் வேறு வேறு மொழி பேசின; இரண்டு கூண்டிலும் நின்றவர்கள் பெண்கள்தான்.

3

லிட்டிலுக்கு முதல் பெரிய மறுப்பு வந்த இடம் நம்மில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சிக்மண்ட் ஃப்ராய்ட். உளப்பகுப்பாய்வின் தந்தையாக அறியப்படுவதற்கு முன்பு அவர் ஒரு நரம்பியல் மருத்துவர். 1886 முதல் வியன்னாவில் ஏழைக் குழந்தைகளுக்கான இலவச மருத்துவ நிறுவனம் ஒன்றில் நரம்பு நோய்ப் பிரிவை நடத்திவந்தார். குழந்தைகளின் மூளை முடக்குவாதம் பற்றி 1891இலும் 1893இலும் எழுதினார். 1897இல் ஒரு பெரிய நூலையே எழுதி முடித்தார். கனவுகளின்மேல் மனசு போயிருந்த காலத்தில், சலிப்போடு எழுதிக்கொடுத்த புத்தகம் அது.

அதில் அவர் ஒரு எளிய சங்கடத்தை எழுப்புகிறார். கடினமான பிரசவத்தில் பிறந்த எத்தனையோ குழந்தைகள் ஒரு குறையும் இல்லாமல் வளர்கின்றன. சுகப்பிரசவத்தில் பிறந்த சில குழந்தைகளுக்கு முடக்கம் வருகிறது. அப்படியானால் பிரசவம் எப்படிக் காரணமாகும்? கருவிலேயே ஏதோ தவறிப்போயிருக்கலாம்; அந்தத் தவறின் அறிகுறியாகவே பிரசவம் கடினமாகியிருக்கலாம். அதாவது, காரணம் என்று நாம் நினைப்பதே விளைவாக இருக்கலாம்.

தோன்றுவதன் பின்னால் தோன்றாத ஒன்றைத் தேடுகிற பிற்கால ஃப்ராய்டின் வாசிப்பு முறை இங்கேயே தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் யாரும் காது கொடுக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்குக் கிட்டத்தட்ட மருத்துவம் லிட்டில் பக்கமே நின்றது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். பிரசவம்தான் காரணம் என்றால் மருத்துவம் அதில் தலையிடலாம், கருவிகள் செய்யலாம், தடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஃப்ராய்ட் சொன்ன இருட்டுக்குள் தலையிட அன்றைக்கு எந்தக் கருவியும் இல்லை.

4

கருவிகள் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்தன. நியூயார்க்கில் மயக்க மருந்து மருத்துவராக இருந்த வர்ஜீனியா ஆப்கர் 1953இல் வெளியிட்ட மதிப்பெண் முறை இன்று உலகம் முழுக்க இருக்கிறது. இதயத்துடிப்பு, மூச்சு, தசை முறுக்கு, தூண்டினால் எதிர்வினை, உடலின் நிறம் என்ற ஐந்துக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று மார்க். மொத்தம் பத்து. பிறந்த ஒரு நிமிஷத்தில் மனிதப்பிறவிக்கு முதல் பரீட்சை. நிறத்துக்கு முழு மார்க் வேண்டுமானால் உடம்பு முழுக்க இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கறுத்த தோலில் இதை எப்படிப் பார்ப்பது? இருப்பதிலேயே திருப்தியில்லாத அறிகுறி நிறம்தான் என்று ஆப்கரே ஒப்புக்கொண்டிருந்தார். ஆனாலும் அது உலகத்தின் அளவுகோலாயிற்று.

இந்தக் குழந்தைக்கு இப்போது உடனடி உதவி தேவையா என்று பார்க்க வைத்த மார்க் அது. நாளடைவில் குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்லும் ஜாதகமாக அதைப் படிக்கத் தொடங்கினார்கள். 1959இல் தொடங்கி அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பதிவுசெய்து, பிறந்த குழந்தைகளை ஏழு வயது வரை தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அந்தத் தகவல்களை வைத்து கேரின் நெல்சனும் ஜோனஸ் எலன்பெர்க்கும் 1981இல் எழுதிய கட்டுரை ஜாதகத்தைக் கிழித்துப்போட்டது. பின்னால் மூளை முடக்குவாதம் என்று அறியப்பட்ட குழந்தைகளில் 73 சதவீதம் பேர் ஐந்தாவது நிமிஷத்தில் ஏழோ அதற்கு மேலோ வாங்கியவர்கள். பத்து நிமிஷத்துக்குப் பிறகும் மூன்றைத் தாண்டாமல், ஆனால் உயிர் பிழைத்த 99 குழந்தைகளில் 12 பேருக்குத்தான் மூளை முடக்குவாதம் வந்தது. 1986இல் அவர்களே செய்த இன்னொரு கணக்கில், பிரசவ மூச்சுத்திணறலை மட்டுமே காரணமாகச் சொல்லக்கூடியவை ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான். ஃப்ராய்ட் ஜெயித்தார், செத்து நாற்பது வருஷங்களுக்கு மேல் கழித்து.

இதற்குள் கருவின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்யும் எந்திரம் பிரசவ அறைகளில் குடியேறிவிட்டது. டப்ளினில் ஏறத்தாழ 13,000 பெண்களை வைத்து நடந்து 1985இல் வெளியான பரிசோதனையில், எந்திரம் வைத்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் வரும் வலிப்பு பாதியாகக் குறைந்தது. நாலு வயதில் மறுபடி பார்த்தார்கள். மூளை முடக்குவாதம் வந்தவர்கள் எந்திரக் குழுவில் 12, மற்றக் குழுவில் 10. வித்தியாசமே இல்லை. எந்திரம் போகவில்லை, சிசேரியனும் குறையவில்லை. ஏனென்றால் அந்தக் காகிதச் சுருளுக்கு இன்னொரு வாசகர் கிடைத்துவிட்டார்: நீதிமன்றம். அதே 1985இல் வட கரோலினாவில் ஜான் எட்வர்ட்ஸ் என்ற வக்கீல், வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையே பேசுவதுபோல் ஜூரிகள் முன்னால் பேசி, பல லட்சம் டாலர் இழப்பீடு வாங்கினார். 2004இல் துணை ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டவர் இவர்தான். பதிலுக்கு மருத்துவர்கள் 1999இல் ஒரு சர்வதேச அறிக்கை வெளியிட்டார்கள். தொப்புள்கொடி ரத்தத்தின் அமிலநிலை இன்ன அளவுக்குக் கீழே போயிருந்தால்தான் பிரசவத்தைக் குற்றம் சொல்லலாம் என்று அதில் வரையறை இருந்தது.

இங்கே நிதானமாக இருக்க வேண்டும். ‘எல்லாம் கருவிலேயே நடந்துபோச்சு’ என்பது ஃப்ராய்டிடம் ஒரு சந்தேகம்; இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் அதுவே கேடயம். வலியெடுத்த பெண்ணைக் கத்தாதே என்று அதட்டி, மணிக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காமல் போட்டுவைத்து, கடைசியில் ஆயுதம் போட்டு எடுத்துவிட்டு, ‘இது பொறக்கறதுக்கு முன்னாடியே வந்தது’ என்று சொல்வதற்கு இந்த ஆராய்ச்சிகளைக் கடன் கொடுக்க நான் தயாரில்லை. பணக்கார நாட்டில் கிடைத்த ‘பத்தில் ஒன்று’ என்ற கணக்கும் நெரிசல் மிகுந்த நம் பிரசவ வார்டுகளுக்கு அப்படியே பொருந்தாது. அலட்சியத்தைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் இழப்பீட்டுக்கு உரியவர், உரியவர் அல்லாதவர் என்று குழந்தைகளைப் பிரிக்கிற கத்தியாக ‘எப்போது?’ மாறிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

5

வளர்ச்சியின் பக்கம் வருவோம். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயியில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவருடைய சகாக்களும் நாற்பது வயது வரை தொடர்ந்து சென்று பார்த்தார்கள். பிரசவக் கோளாறுகளுக்கும் பின்னால் வந்த குறைகளுக்கும் நேர்க்கோடு போட முடியவில்லை. வசதியும் நிம்மதியும் உள்ள வீட்டில் வளர்ந்த குழந்தைகளிடம், மிகக் கடுமையான பாதிப்புகளைத் தவிர, பிரசவத்தின் தழும்பு மங்கிக்கொண்டே போனது. வறுமையும் சச்சரவும் உள்ள வீட்டில் அதே தழும்பு ஆழமாயிற்று. 1975இல் ஆர்னால்ட் சமரோஃபும் மைக்கேல் சாண்ட்லரும் இதையே கோட்பாடாக்கினார்கள். பிறப்பில் நேர்ந்த சேதம் தன்னளவில் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதில்லை. அந்தக் குழந்தைக்கும் அதை வளர்க்கிற சூழலுக்கும் இடையே தினம் தினம் நடக்கிற கொடுக்கல்வாங்கல்தான் தீர்மானிக்கிறது என்றார்கள்.

இதை வர்க்கத்தின் மொழியில் சொன்னால், மூளைச் சேதம் ஒரு நிமிஷத்தில் முடிந்துபோகிற சம்பவம் இல்லை. பஸ் சார்ஜ் இல்லாமல் பிசியோதெரபிக்குப் போகாத ஒவ்வொரு வாரமும், சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று ஒவ்வொரு பள்ளிக்கூடமும் அதைத் தொடர்ந்து நடத்திக்கொண்டிருக்கின்றன.

வளர்ச்சிக்குக் கால அட்டவணை போடுவது மேற்கத்திய உளவியலின் கண்டுபிடிப்பு என்றும் நினைத்துவிட வேண்டாம். நம் பிள்ளைத்தமிழ் என்ன செய்கிறது? செங்கீரையில் தலை நிமிர்த்தி ஆட வேண்டும். சப்பாணியில் கை சேர்த்துக் கொட்ட வேண்டும். வாரானையில் நடந்து வர வேண்டும். பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கும் சொல்கின்றன. பாட்டுடைத் தலைவர்களான கடவுளரும் அரசரும் ஆசாரியரும் எல்லாரும் நேரத்துக்குத் தவழ்ந்தார்கள், நேரத்துக்கு நடந்தார்கள். கைகொட்டும் பருவத்துக்குப் பெயரான அதே ‘சப்பாணி’தான் நடக்க முடியாதவனைக் கூப்பிடுகிற வசைச்சொல்லாகவும் தெருவில் புழங்குகிறது. ஒரே சொல்லுக்குள் கொஞ்சலும் ஏச்சும். பருவத்தைத் தாண்டினால் கொண்டாட்டம், தாண்டாமல் அங்கேயே நின்றுவிட்டால் ஏச்சு என்று இதை நான் வாசிக்கிறேன். கை கொட்டாத பிள்ளைக்கு ஒரு பிள்ளைத்தமிழ் நம்மிடம் இல்லை.

6

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முதன்முறையாக ஒரு சிகிச்சை கிடைத்தது. மூச்சு முட்டிப் பிறந்த குழந்தையின் உடலை, பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி, மூன்று நாள் 33 டிகிரி செல்சியஸ் அளவில் குளிர்ந்த நிலையில் வைத்திருப்பது. சேதம் ஒரே அடியில் முடிந்துவிடுவதில்லை, முதல் அடிக்குப் பிறகு பல மணி நேரம் கழித்து இரண்டாவது அலையாக மூளைச் செல்கள் அழிகின்றன, அந்த இடைவெளியில் குளிர்வித்தால் அழிவு குறையும் என்பது தர்க்கம். 2005இலும் 2009இலும் வந்த பரிசோதனைகள் இதை உறுதிப்படுத்தின. பணக்கார நாடுகளில் இது வழக்கமான சிகிச்சையாயிற்று.

பிறகு இங்கே வந்தார்கள். ஹீலிக்ஸ் என்று பெயரிடப்பட்ட பரிசோதனை 2015க்கும் 2019க்கும் இடையே இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளை வைத்து நடந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனையும் அதில் உண்டு. 2021இல் முடிவு வெளியானது. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் பேர் இறந்துவிட்டார்கள். குளிர்விக்காதவர்களில் 31 சதவீதம். சாவு அல்லது மிதமான, கடுமையான ஊனம் என்று சேர்த்துப் பார்த்தால் 50, 47. அங்கே காப்பாற்றிய சிகிச்சை இங்கே காப்பாற்றவில்லை, சாவைக் கூட்டியது. இந்த நாடுகளில் இதைச் செய்ய வேண்டாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

பாதிக் குழந்தைகளைக் குளிர்விக்காமல் விட்ட இந்தப் பரிசோதனை சரியா என்று முன்பே விவாதம் இருந்தது. முடிவு வந்தபிறகு கேள்வி வேறு திசையில் திரும்பியது. ஏன் இப்படி? ஒரு விளக்கம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குரங்குக் குட்டிகளை வைத்து ரொனால்ட் மையர்ஸ் 1972இலேயே காட்டியிருந்தார்: பிராணவாயு திடீரென்று முழுசாக நின்றுபோனால் மூளையில் ஒருவிதச் சேதம், கொஞ்சம் கொஞ்சமாக, நீண்ட நேரம் குறைந்துகொண்டே வந்தால் வேறுவிதச் சேதம். குளிர்விக்கிற சிகிச்சைக்கு ஒரு தெளிவான ‘அந்த நிமிஷம்’ தேவை. அதிலிருந்து ஆறு மணி நேரத்தை எண்ண வேண்டும். நம் குழந்தைகளில் பலருக்கு அப்படி ஒரு நிமிஷமே இல்லாமலிருக்கலாம். சேதம் பிரசவத்துக்கு முன்பே தொடங்கி மெல்ல மெல்ல நடந்து முடிந்திருக்கலாம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019-21இல் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ரத்தசோகை. இந்தப் புள்ளிவிவரத்தையும் அந்தப் பரிசோதனையையும் நேர்க்கோட்டில் இணைக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் வறுமை கடிகாரம் பார்த்து வருவதில்லை என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன்.

அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன, 44.9 சதவீதம் சிசேரியன். காலனியம் கூண்டிலேற்றிய மருத்துவச்சி காட்சியைவிட்டே போய்விட்டாள். ஆனாலும் அழாத பிள்ளைகள் பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவளைக் குற்றவாளி ஆக்கியவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

7

லிட்டில் திறந்த மூன்றாம் இடத்தில் வாழ்கிறவர்களைப் பற்றி அரசும் சட்டமும் என்ன பேசின? 1995ஆம் வருஷத்துச் சட்டத்தில் மூளை முடக்குவாதம் கை கால் ஊனத்துக்குள் ஒரு வரியாக ஒட்டிக்கொண்டிருந்தது. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லி அழைத்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 குறைபாடுகளில் அது தனியாக இடம்பெற்றது. இந்த மாற்றங்கள் தானாக வரவில்லை. 1972இல் மும்பையிலும் 1985இல் சென்னையிலும் இந்தக் குழந்தைகளுக்கான அமைப்புகள் தொடங்கின. அவற்றைச் சுற்றித் திரண்ட பெற்றோர்களும், அங்கே படித்து வளர்ந்தவர்களும் கேட்டுக் கேட்டு வாங்கியது இது. இதிலும் ஒரு கணக்கு காத்திருக்கிறது. நாற்பது சதவீத ஊனம் என்று மருத்துவர் சான்று தந்தால்தான் பல சலுகைகள் கிடைக்கும். பிறந்தபோது பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டவர்கள், வளர்ந்தபிறகு நூற்றுக்கு எத்தனை என்று போடுகிறார்கள்.

மூச்சு முட்டியதா, கருவிலேயே வந்ததா, யாருடைய அலட்சியம் என்று கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. தடுக்க முடிந்ததைத் தடுக்க அந்தக் கேள்வி வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காத குழந்தைக்கும் சக்கர நாற்காலி வேண்டும், பள்ளிக்கூடத்தில் சாய்தளம் வேண்டும், வாய் கோணிப் பேசுவதைப் பொறுமையாகக் கேட்க ஒரு வாத்தியார் வேண்டும், பெற்றவளுக்கு அரைநாள் ஓய்வு வேண்டும். இவற்றில் ஒன்றைக்கூட ‘எப்போது நடந்தது?’ என்று கேட்டுவிட்டுத் தர வேண்டிய அவசியம் இல்லை. மூளையில் புண்ணைத் தேடுகிற ஆராய்ச்சிக்கு எவ்வளவு பணம் போகிறது, அந்தப் புண்ணோடு முப்பது வயதைத் தாண்டிவிட்டவருக்கு எவ்வளவு போகிறது என்று நம் இயக்கங்கள் பட்ஜெட்டை எடுத்துவைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கலாம். பெற்றவர்கள் வயதாகிச் செத்துப்போனபிறகு அவருக்குச் சோறு ஊட்டப்போவது யார் என்பதிலிருந்து அந்தக் கேள்வியை ஆரம்பிக்கலாம்.